காலை 11 மணிக்கு வரவேண்டிய காற்று

மும்பையில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால், தாராவி மக்கள் இரண்டு விஷயங்களுக்காகக் காத்திருப்பார்கள். ஒன்று, குழாய்த் தண்ணீர். மற்றொன்று, கடல் காற்று.

தண்ணீர் வரும் நேரம் எல்லாருக்கும் தெரியும். காற்று வரும் நேரமும் ஏறக்குறையத் தெரியும். காலை 11 மணி. சில நாள் பதினொன்றரை ஆகும்.

தகரக் கூரைக்கு அடியில், அறைக்கு மேல் அறையாகக் கட்டிய மாடியில் தையல் மிஷின் மிதிப்பவர் அந்த நேரத்தைக் கடிகாரம் பார்க்காமலே சொல்லிவிடுவார். மேற்கே மாகிம் பக்கமிருந்து லேசாக ஓர் அசைவு வரும். கொடியில் காயும் துணி ஒருமுறை ஆடி அடங்கும். கும்பார்வாடாவில் சூளை மூட்டிய நாளாக இருந்தால், அதுவரை நேரே மேலே போய்க் கொண்டிருந்த புகை கிழக்கே, சயான் பக்கம் சாயும். 'அப்பாடா' என்று முகத்தைத் துடைத்துக் கொள்வார்கள்.

சில நாட்களில் அந்த அசைவு வராது. 12 மணி ஆகும், ஒன்று ஆகும், இரண்டும் ஆகும். புகை கடலைப் பார்த்துச் சாய்ந்தபடியே இருக்கும். மறுநாள் பத்திரிகையில், 'மும்பையில் 40 டிகிரி வெயில்' என்று செய்தி வரும்.

ரயில் தாமதமானால் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். வருத்தமும் தெரிவிக்கிறார்கள். காற்று தாமதமானால் அறிவிக்க ஆளில்லை. ஆனால், ரயில் தாமதத்துக்கு உள்ளதுபோல் அதற்கும் காரணம் உண்டு. கர்ஜத்துக்கு அப்பாலுள்ள மலையும், அதற்கும் அப்பாலுள்ள தக்காணப் பீடபூமியும் அந்தக் காரணத்தில் பங்கு கொள்கின்றன.

காற்றுக்கும் எடை உண்டு

காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அதற்கு எடையே இல்லை என்று நினைத்து விடுகிறோம். உண்மை வேறு. நமக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று அடுக்கடுக்காக நிற்கிறது. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மீது அது சுமார் ஒரு கிலோ எடையுடன் அழுத்துகிறது. விரித்த கை ஒன்றின் மீது மட்டும் நூறு கிலோவுக்கு மேல்! கை ஒடிந்து போகாததற்குக் காரணம், காற்று மேலிருந்து மட்டும் அழுத்துவதில்லை. கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் அதே பலத்துடன் அழுத்துகிறது. உடலின் உள்ளேயும் அதற்கு ஈடான அழுத்தம் இருக்கிறது.

இந்த அழுத்தத்தை மில்லிபார் என்ற அளவால் குறிப்பது வழக்கம். இப்போது ஹெக்டோபாஸ்கல் என்கிறார்கள். பெயர்தான் புதிது, எண் ஒன்றுதான். கடல் மட்டத்தில் சராசரி அழுத்தம் 1,013 மில்லிபார்.

எல்லா இடத்திலும் அழுத்தம் ஒன்றாகவே இருந்தால் காற்று அசையாது. ஓரிடத்தில் கூடி, மற்றோரிடத்தில் குறைந்தால்தான், கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கி அது ஓடும். கூடுதல் குறைவை உண்டாக்குவது பெரும்பாலும் வெயில்தான்.

கடலும் தரையும்

ஒரே சூரியன்தான் கடலுக்கும் தரைக்கும் காய்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றுபோல் சுடுவதில்லை. ஒரு கிலோ மணலை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் சுமார் ஐந்து மடங்கு, ஒரு கிலோ தண்ணீருக்குத் தேவைப்படுகிறது. அதோடு, வெயில் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கிப் பரவிவிடுகிறது. அலைகள் அதைக் கலக்கியும் விடுகின்றன. தரையிலோ மேல்தோல் மட்டுமே காய்கிறது. ஆகவே, காலை 11 மணிக்குத் தகரக் கூரையில் கை வைக்க முடியாது. அதே நேரத்தில் மாகிம் கடலில் இறங்கி நின்றால் இதமாக இருக்கும்.

'சூடான காற்று மேலே போகும். அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று ஓடிவரும்' என்று பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் சொல்லி முடித்து விடுவார்கள். அது தவறல்ல. ஆனால், நடுவில் ஒரு படி விட்டுப் போகிறது.

தரை சுட்டதும் அதன் மேலுள்ள காற்று உப்புகிறது. பொங்கும் பால் போலத் தரைமேல் நிற்கும் காற்று உயர்ந்து, சில நூறு மீட்டர் உயரத்தில் கடல் பக்கமாக வழிகிறது. வழிந்த அளவுக்குத் தரைமேல் நிற்கும் காற்றின் எடை குறைகிறது, கடல்மேல் கூடுகிறது. இப்போது கீழே, கடல் பக்கம் அழுத்தம் அதிகம். தரைப் பக்கம் குறைவு. இதன் பிறகுதான் கடலிலிருந்து கரைக்குக் காற்று புறப்படுகிறது. மேலே ஒரு காற்று கடலுக்குப் போக, கீழே ஒரு காற்று கரைக்கு வருகிறது. அப் லைனும் டவுன் லைனும் போல!

இந்த அழுத்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஒன்று அல்லது இரண்டு மில்லிபார். ஆயிரத்துக்கு ஒன்றோ இரண்டோ! இவ்வளவு சிறிய வித்தியாசம் ஒரு நகரத்தையே குளிர வைக்கும் காற்றை எப்படி நகர்த்தும் என்று கேட்கலாம்.

வித்தியாசம் எவ்வளவு என்பதுடன், அது எத்தனை கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மும்பையிலிருந்து புனே போகும் ரயில், கர்ஜத்தைத் தாண்டியதும் போர்காட் மலையில் ஏறுகிறது. அங்கே பாதையின் சரிவு 37-க்கு 1. அதாவது 37 அடி ஓடினால் ஓரடி உயரம். அந்த ஓரடிக்காகத்தான் பின்னால் கூடுதல் எஞ்சின்கள் நின்று வண்டியைத் தள்ளுகின்றன. அதே ஓரடி உயரம் ஒரு மைல் தூரத்துக்குப் பரவியிருந்தால் எஞ்சினுக்கு அது தெரியவே தெரியாது. காற்றுக்கும் அப்படித்தான். சில பத்து கிலோமீட்டருக்குள் ஒரு மில்லிபார் என்பது நல்ல சரிவு.

கோலி மீனவர் கணக்கு

சூரியன் சாய்ந்ததும் கணக்கு தலைகீழாகிறது. சீக்கிரம் சுட்ட தரை சீக்கிரமே ஆறிவிடுகிறது. கடல் மெதுவாகச் சுட்டதால் மெதுவாக ஆறுகிறது. பின்னிரவில் தரையைவிடக் கடலே வெதுவெதுப்பு. அப்போது கரையிலிருந்து கடலுக்குக் காற்று போகிறது.

பாய்மரக் காலத்தில் வொர்லி, மாகிம், வெர்சோவா குப்பங்களின் கோலி மீனவர்களுக்கு இதுதான் டைம் டேபிள். விடியுமுன் கரைக்காற்று தள்ள வெளியே போவார்கள். பிற்பகலில் கடல் காற்று தள்ளத் திரும்பி வருவார்கள். மோட்டார் வந்தபின் அந்தத் தேவை குறைந்துவிட்டது. பெயர்கள் மட்டும் நிலைத்திருக்கின்றன. கடல் காற்றை மராத்தியில் 'காரா வாரா' என்கிறார்கள். உப்புக் காற்று என்று பொருள். கரைக்காற்றுக்கு 'மத்லயி வாரா' என்று பெயர்.

தமிழன் பெயர் வைப்பதில் யாருக்கும் இளைத்தவனல்ல. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்குக்குக் கொண்டல், மேற்குக்குக் கோடை. நெல்லை, தூத்துக்குடிக் கரையில் இன்றும் கச்சான் என்றால் எந்தக் காற்று என்று மீனவர் வீட்டுச் சிறுவனும் சொல்வான்.

மும்பையின் கடல் காற்றில் இன்னொரு நுட்பம் உண்டு. முற்பகலில் மேற்கிலிருந்து வரத் தொடங்கும் அது, மாலை ஆக ஆக வடமேற்குக்குத் திரும்பி விடுகிறது. பூமி சுழல்வதால் ஏற்படும் விளைவு இது. பூமத்திய ரேகைக்கு வடக்கே, ஓடுகிற காற்று எதுவானாலும் தன் வலக்கைப் பக்கமாக வளையும். தெற்கே இடக்கைப் பக்கமாக வளையும்.

கிழக்கிலிருந்து ஒரு குறுக்கீடு

இனி, தாமதத்துக்கு வருவோம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் சில நாட்கள் மத்திய இந்தியாவின் மேல் அழுத்தம் கூடி நிற்கும். அங்கிருந்து விரியும் காற்று, தக்காணப் பீடபூமியைக் கடந்து கிழக்குக் காற்றாக மும்பை நோக்கி வரும். விதர்பாவிலும் மராட்வாடாவிலும் காய்ந்த காற்று அது, ஈரம் இல்லாதது. இதுவே பாதி உபத்திரவம். மீதிப் பாதி மலையில் காத்திருக்கிறது.

லோனாவாலா சுமார் 620 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கொங்கணச் சமவெளிக்கு இறங்கும் காற்று, கீழே வர வரக் கூடுதல் அழுத்தத்துக்கு உட்பட்டுச் சுருங்குகிறது. சுருங்கும் காற்று சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதே சங்கதி. நூறு மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஒரு டிகிரி. லோனாவாலாவில் 34 டிகிரியாக இருந்த காற்று, கீழே வந்து சேரும்போது 40! வழியில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. மலை இறங்கியதற்கே ஆறு டிகிரி.

இந்தக் கிழக்குக் காற்று பலமாக வீசினால், கடல் காற்று கரையேற முடியாமல் கடலுக்குள்ளேயே நிற்கும். இரண்டுக்கும் பலப்பரீட்சை. தரை மேலும் மேலும் சுட்டு, அழுத்த வித்தியாசம் போதுமான அளவுக்கு ஏறிய பிறகே கடல் காற்று எதிரியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். அதற்குள் பகல் ஒரு மணியோ இரண்டு மணியோ ஆகியிருக்கும். உஷ்ணமும் உச்சத்தைத் தொட்டிருக்கும்.

சாந்தாகுரூஸ் நிலையத்தில் 1956-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி 41.7 டிகிரி பதிவானது. 2011 மார்ச் 17-ந் தேதி 41.6 டிகிரி. 2018 மார்ச் 25-ந் தேதி 41 டிகிரி. 2025-ல் மார்ச் பிறக்கும்வரைகூட வெயில் பொறுக்கவில்லை. பிப்ரவரி கடைசி வாரத்திலேயே வானிலைத் துறை மும்பைக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. கடலோர ஊர்களுக்கு வெப்ப அலை என்றால், உஷ்ணம் 37 டிகிரியை எட்டி, வழக்கத்தைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்க வேண்டும்.

சென்னையில் உறவினர் உள்ளவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இராது. அங்கே கடல் கிழக்கே இருக்கிறது. எதிரி மேற்கிலிருந்து வருகிறான். மே, ஜூன் மாதங்களில் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில், மெரினாவில் நிற்பவர்கூடக் கடல் காற்றுக்கு ஏங்குவார். 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி சென்னையில் 45 டிகிரி காய்ந்தது. திசை மாறினாலும் சண்டை ஒன்றுதான்.

கஷ்டம் யாருக்கு?

மும்பை முழுவதும் ஒரே நேரத்தில் காற்று வருவதில்லை. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த கொலாபாவுக்கு முதலில் கிடைக்கும். தாராவி, சயானுக்குப் பிறகு. கடல் காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தாலும் கல்யாணைத் தொடப் பிற்பகல் ஆகிவிடும். டோம்பிவிலியிலும் கல்யாணிலும் குடியிருக்கும் நம்மவர்கள், கோட்டைப் பகுதி ஆபீஸிலிருந்து வீடு திரும்பியதும், 'இதுவும் மும்பைதானா?' என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கிழக்குக் காற்று நாளை அடையாளம் காண்பது எளிது. வழக்கமாக மும்பையில் வியர்வை ஒழுகும். சட்டை முதுகில் ஒட்டும். கிழக்குக் காற்று வீசும் நாளிலோ உதடு காயும். துவைத்த துணி அரை மணியில் உலரும். வியர்வை தெரியவே தெரியாது. தெரியாததுதான் ஆபத்து. வியர்வை வருகிறது, வந்த வேகத்தில் உலர்ந்து போகிறது. உடம்பிலிருந்து தண்ணீர் போவதை உணராமலே ஒருவர் மயங்கி விழக்கூடும்.

காலை பத்து மணிக்கு உதடு காய்ந்து, புகையும் கொடித்துணியும் மேற்கே சாய்ந்திருந்தால், அன்று கடல் காற்று தாமதம் என்று எண்ணிக் கொள்ளலாம். பாரம் தூக்குபவர்கள், கட்டிட வேலைக்குப் போகிறவர்கள், தகரத்தின் கீழ் இஸ்திரி போடுகிறவர்கள் பளுவான வேலையை அதற்குமுன் முடித்துவிடுவது நல்லது. முதலாளிமார்களும் இதை அறிந்து வைத்திருக்கலாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் உப்பு கலந்த மோரோ, கஞ்சித் தண்ணீரோ குடித்துக் கொண்டிருப்பது உத்தமம்.

மே மாதத்து முரட்டுக் காற்று

இதுவரை சொன்னது மணிக்கணக்கில் நடக்கும் காரியம். நிமிஷக் கணக்கில் நடப்பதும் உண்டு.

2024-ம் ஆண்டு மே 13-ந் தேதி மாலை மும்பையில் திடீரென்று வானம் மண் நிறமானது. புழுதிப் புயல் அடித்தது. காட்கோபரில் ராட்சத விளம்பரப் பலகை ஒன்று பெட்ரோல் பங்க் மீது சரிந்தது. 17 பேர் இறந்தார்கள். பெட்ரோல் போட வந்தவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள்.

அது கடல் காற்றல்ல. இடிமேகத்துக்குள் மழைத்துளிகள் விழும்போது, ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே பாய்கிறது. தரையில் மோதியதும், கொட்டிய தண்ணீர் போல நாலாபக்கமும் சிதறி ஓடுகிறது. அந்த வேகத்துக்கு முன்னறிவிப்பாகக் கிடைப்பது சில நிமிஷங்கள்தான். மே மாதத்து மாலையில் வானம் கறுத்து, சட்டென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால், மரத்தடியிலும் பலகையடியிலும் ஒதுங்கக் கூடாது.

ஜூன் 11

மும்பையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் ஜூன் 11. வெள்ளைக்காரன் அமைத்த கொலாபா வானாய்வுக் கூடம் தொடங்கியது 1826-ல். அதற்கும் 140 ஆண்டுகள் முன்பே, 1686-ல், எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கில விஞ்ஞானி கடல்களின் மேல் வீசும் காற்றுகளைப் படமாக வரைந்து, பருவக்காற்றுக்கும் சூரிய வெப்பமே காரணம் என்று எழுதினார். வால் நட்சத்திரத்துக்குப் பெயர் தந்தாரே, அதே ஹாலி.

அடிப்படையில் அவர் சொன்னது சரி. ஆனால், வெறும் பெரிய கடல் காற்று என்று பருவக்காற்றை ஒதுக்கிவிட முடியாது. கோடையில் ராஜஸ்தான், பாகிஸ்தான் பாலைவனங்களின் மேல் அழுத்தம் 1,000 மில்லிபாருக்கும் கீழே இறங்குகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குத் தெற்கே, மடகாஸ்கருக்கு அப்பால் அப்போது குளிர்காலம். அழுத்தம் 1,020-க்கும் மேல். அங்கிருந்து புறப்படும் காற்று இடப்பக்கம் வளைந்து தென்கிழக்குக் காற்றாக வருகிறது. ஆப்பிரிக்கக் கரையருகே பூமத்திய ரேகையைத் தாண்டியதும் வலப்பக்கம் வளைகிறது. அதனால்தான் நமக்குத் தென்மேற்குக் காற்றாக வந்து சேருகிறது. திபெத் பீடபூமியும் இமயமலையும் இதற்குத் துணை செய்கின்றன.

மார்ச்சில் சூடேற்றிய அதே மலை, ஜூனில் மழை தருகிறது. மலை இறங்கிய காற்று சூடேறியது. மலை ஏறும் காற்று குளிர்கிறது. குளிர்ந்தால் ஈரத்தைத் தாங்காது, கொட்டிவிடும். மும்பைக்கு ஆண்டில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலைக்கு அந்தப்புறம் புனேயில் சுமார் 700 மட்டும். மூன்றரை மணி நேர ரயில் பயணத்தில் இவ்வளவு வித்தியாசம்.

நெல்லைச் சீமையிலும் இதே கதைதான். கேரளத்தில் மழையை இறக்கிய காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து வறண்டு பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுவது அதனால்தான். செங்கோட்டைக் கணவாய் வழியே கொஞ்சம் ஈரம் தப்பி வந்தால், குற்றாலத்தில் சாரல். ஆடி மாதம் தாராவியில் முழங்கால் தண்ணீரில் நிற்கும் மகன், ஊருக்குப் போன் செய்து விசாரித்தால், 'இங்கே காத்துதான்யா, ஒரு பொட்டு மழையில்லை' என்று அம்மா சொல்வாள். இருவரும் பேசுவது ஒரே காற்றைப் பற்றித்தான்.

தீபாவளிக்குப் பிறகு

அக்டோபர் 8-ந் தேதி வாக்கில் பருவமழை மும்பையிடம் விடை பெறுகிறது. வட இந்தியா குளிர, அழுத்தம் அங்கே கூட, கரைக்காற்றின் கை ஓங்குகிறது. கடல் காற்று மெலிந்து, தாமதித்து வரும். தரையோரக் காற்று இரவில் குளிர்ந்து, மூடி போட்டதுபோல் அசையாமல் கிடக்கும். கட்டிட வேலைத் தூசியும் வாகனப் புகையும் போக வழியின்றி அதற்குள் அடைபடும்.

2022-ன் கடைசியிலும் 2023-ன் தொடக்கத்திலும் மும்பையின் காற்று சில நாட்கள் டெல்லியைவிட மோசமாக இருந்தது. பசிபிக் சமுத்திரத்தின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் லா நினா நிலை அப்போது தொடர்ந்து மூன்றாவது குளிர்காலமாக நீடித்தது. மும்பையில் காற்றின் வேகம் குறைந்ததற்கு அதையும் ஒரு காரணமாக விஞ்ஞானிகள் சுட்டிக் காட்டினார்கள். ஆஸ்துமாக்காரர்களும் சிறு குழந்தைகளும் அந்த நாட்களில் பட்ட பாடு வீட்டுக்கு வீடு தெரியும்.

டிசம்பர் மாதக் காலையில் சயான் பாலத்தின் பக்கம் நின்று பார்த்தால், செம்பூர் திசையில் கட்டிடங்கள் பாதி மறைந்து நிற்கும். மேல்மாடிகள் இருக்கின்றனவா என்றே சந்தேகம் வரும். நண்பகல் தாண்டி, மாகிம் பக்கமிருந்து முதல் அசைவு வந்த பிறகு, அவை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.